எந்த மருந்து நல்ல மருந்து?



கழிவு நீக்க மண்டலம் என்னும் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்து வருகிறேன். சிறுநீரகத்தின் படம் வரையச் சொன்னால் எல்லோரும் அழகாக வரைகிறீர்கள். நெப்ரானின் பாகங்களை வரிசை தவறாமல் ஒப்புவிக்கிறீர்கள். ஆனால், "இவ்வுறுப்புகளில் நோய் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டால் வகுப்பு முழுவதும் தலை குனிந்துகொள்ளும்.

சென்ற ஆண்டு பாடம் முடிந்து மணி அடித்த பிறகு ஒரு மாணவி மட்டும் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தாள். "டீச்சர், நீர்க்கடுப்புக்கு எந்த மாத்திரை நல்ல மாத்திரை? எங்க அம்மாவுக்கு ஒண்ணு எழுதிக் கொடுத்தாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேற ஒண்ணு கொடுத்தாங்க. எது டீச்சர் உசத்தி?" என்று யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள். வகுப்பிலேயே உரக்கக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்குரிய விடையை எல்லோருக்குமாக இம்மலரில் எழுதுகிறேன்.

அதற்கு முன் என் பழைய தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில், விடுதியுடன் கூடிய ஒரு பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரே பாட வேளையில் இரண்டு முறை எழுந்து வெளியே போக அனுமதி கேட்டாள். முதல் முறை அனுப்பினேன். இரண்டாம் முறை, "பாடம் முடியட்டும், உட்கார்" என்று கடிந்துகொண்டேன். அதன்பின் அவள் கேட்கவே இல்லை. தண்ணீர் குடித்தால்தானே வெளியே போக வேண்டியிருக்கிறது என்று தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள். தன் அக்கா முன்பு சாப்பிட்டு மீதி வைத்திருந்த மாத்திரைகள் சில அவள் பெட்டியில் இருந்தன. அவற்றில் இரண்டை விழுங்கினாள். எரிச்சல் சற்றுக் குறைந்தது. மற்றவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டாள். நான்காம் நாள் இரவுப் படிப்பு நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்து, இடுப்புக்கு மேலே விலாப்புறத்தில் வலி தாங்காமல் அழுதாள். விடுதிச் சிஸ்டர் அந்த நேரத்திலேயே வாடகை வண்டி பிடித்து அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் மருத்துவர். ஒரு வாரம் ஊசி போட வேண்டியிருந்தது.

"ஏம்மா, முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சிஸ்டர் கேட்டதற்கு அவள், "எப்படிச் சொல்றதுன்னு தெரியல சிஸ்டர்" என்றாளாம். அவள் என்னிடம் இரண்டு முறை சொல்லத்தான் செய்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

1. நோய் எப்படி வருகிறது?

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டிப் பிரிக்கும் நீர், சிறுநீர் நாளங்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் தங்கி, புறவழியாக வெளியேறுகிறது. இப்பாதையில் நோய்க்கிருமி நுழைந்து பெருகுவதே சிறுநீர்ப் பாதைத் தொற்று. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு என்று நம் வீடுகளில் இதைச் சொல்வார்கள். "எல்லாம் உடம்புச் சூடு" என்று விட்டுவிடுவாரும் உண்டு. வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தருவது உண்மையே. ஆனால் அது தண்ணீரும் நீர்மோரும் குடித்தவுடன் தணிந்துவிடும். கிருமியால் வரும் கடுப்பு அப்படித் தணியாது. அடிக்கடி போக வேண்டும்போல் இருக்கும், போனால் சொட்டுச் சொட்டாக எரிச்சலுடன் வரும், அடிவயிறு வலிக்கும், சிறுநீர் கலங்கியோ சில வேளை இரத்தம் கலந்தோ இருக்கும்.

இந்நோய் கண்டவர்களில் நான்கில் மூவருக்குக் காரணமாக இருப்பது ஈ. கோலை என்னும் பாக்டீரியா. 1885இல் தியோடர் எஷ்ஷெரிச் என்னும் குழந்தை மருத்துவர் இதைக் கண்டு விவரித்தார். அவர் பெயரையே இது தாங்கி நிற்கிறது. நம் எல்லோருடைய குடலிலும் இது குடியிருக்கிறது. அங்கே பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இடம் மாறிச் சிறுநீர்ப் பாதைக்கு வந்துவிட்டால்தான் தொல்லை. இதன் உடலைச் சுற்றிலும் நுண்ணிய இழைகள் உள்ளன. அவற்றின் நுனி கொக்கிபோலச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. நீரோட்டம் அடித்துச் செல்லாதபடி ஒட்டிக்கொண்டு, அது அங்கேயே பெருகத் தொடங்குகிறது.

பெண்களுக்கு ஏன் இது அதிகம்? ஆண்களுக்குச் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. கிருமி கடக்க வேண்டிய தொலைவு குறைவு; குடலின் வாயிலும் அருகில். ஆகவே பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது வருகிறது. சளி பிடிப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. உடலமைப்பினால் வரும் இந்நோய்க்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. கீழ்த்தளமும் மேல்தளமும்

மருந்துகளை ஒப்பிடும் முன் ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பாதையை இரண்டு தளமுள்ள வீடாக எண்ணிக்கொள்வோம். கீழ்த்தளம் சிறுநீர்ப்பை. அங்கே கிருமி இருந்தால் எரிச்சலும் கடுப்பும் இருக்கும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. மேல்தளம் சிறுநீரகம். அங்கே ஏறிவிட்டால் குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை வரும். அங்கிருந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கீழ்த்தளத்துக்கு ஏற்ற மருந்து மேல்தளத்துக்கு எட்டாமல் போகலாம். எந்தத் தளம் என்று தெரியாமல் "எது உசத்தி?" என்று கேட்பதில் பொருளில்லை.

3. நான்கு வகை மருந்துகள்

கிருமியைக் கொல்லும் அல்லது அதன் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துகளை எதிருயிரி மருந்துகள், அதாவது ஆன்டிபயாடிக் என்கிறோம். இந்நோய்க்குத் தரப்படுபவற்றில் முக்கியமானவற்றைக் காண்போம்.

(அ) நைட்ரோபியூரான்டாயின். 1953இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. இதைச் சாப்பிட்டதும் இரத்தத்தில் தங்காமல் விரைந்து சிறுநீரில் வந்து சேர்கிறது. ஆகவே கீழ்த்தளத்துக்கு மிகவும் ஏற்றது; மேல்தளத்துக்கு உதவாது. கிருமியின் ஒரு பாகத்தை மட்டும் தாக்காமல் ஒரே சமயத்தில் பல பாகங்களைத் தாக்குவதால், 70 ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான ஈ. கோலை கிருமிகள் இதை வெல்லக் கற்றுக்கொள்ளவில்லை. வழக்கமாக 5 நாட்கள் தரப்படும். சாப்பாட்டுடன் உட்கொள்ள வேண்டும். சிறுநீர் பழுப்பு நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் பிரசவம் நெருங்கிய தாய்மார்களுக்கும் இது ஆகாது.

(ஆ) கோ-டிரைமாக்சசோல். இது இரண்டு மருந்துகளின் சேர்க்கை. ஒரு பாதி சல்பா வகையைச் சேர்ந்தது. சல்பா மருந்துகளின் காலத்தைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக். அவர் மகளின் கையில் ஊசி ஏறிச் சீழ்பிடித்து, கையையே இழக்கும் நிலை வந்தபோது, தாம் ஆராய்ந்துகொண்டிருந்த செந்நிறச் சாயமருந்தைக் கொடுத்து அவளைக் காப்பாற்றினார். அவருக்கு 1939ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மறு பாதி டிரைமெத்தோபிரிம். இது ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் ஆகியோரின் ஆராய்ச்சி வழியில் பிறந்தது. பெண் என்பதாலேயே ஆய்வுக்கூடங்களில் வேலை மறுக்கப்பட்ட எலியன் அம்மையார், 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

இம்மருந்தின் வேலை சுவையானது. போலேட் என்னும் சத்தை நாம் கீரையிலிருந்தும் பிற உணவிலிருந்தும் பெறுகிறோம். பாக்டீரியா தனக்கு வேண்டியதைத் தானே தயாரிக்க வேண்டும். அத்தயாரிப்பில் அடுத்தடுத்த இரண்டு படிகளை இம்மருந்தின் இரு பாதிகளும் அடைத்துவிடுகின்றன. நமக்கு அதிகத் தீங்கின்றிக் கிருமி மட்டும் தவிக்கிறது. வளர்ந்த பெண்களுக்கு 3 நாட்கள் போதும். ஆனால் பல இடங்களில் கிருமிகள் இம்மருந்துக்கு மசியாமல் போய்விட்டன. சிலருக்குச் சல்பா ஒவ்வாமையால் உடலெங்கும் தடிப்பு வரும்.

(இ) பாஸ்போமைசின். 1969இல் இது பற்றிய முதல் செய்தி வெளியாயிற்று. ஸ்பெயின் நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது. கிருமி தன் சுவரைக் கட்டுவதற்கு எடுத்துவைக்கும் முதற்படியையே தடுக்கிறது. 3 கிராம் தூளைத் தண்ணீரில் கலந்து ஒரே ஒரு முறை குடித்தால் போதும் என்பதே இதன் சிறப்பு. இதுவும் கீழ்த்தளத்துக்குரிய மருந்து.

(ஈ) சிப்ரோபிளாக்சசின். 1980களில் வந்தது. கிருமியின் டி.என்.ஏ. இழையை முறுக்கியும் பிரித்தும் பயன்படுத்த உதவும் நொதியைத் தடுக்கிறது. உடலின் பல திசுக்களிலும் பரவுவதால், கிருமி இதற்குக் கட்டுப்பட்டால், இரண்டு தளங்களிலும் வேலை செய்யும். வலிமை மிக்கது, ஆயினும் வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் இதை எளிதில் எழுதுவதில்லை.

இவையன்றிப் பெனிசிலின் குடும்பத்து அமாக்சிசிலினும், அதன் உறவுக் குடும்பத்துச் செபலெக்சின், செபிக்சிம் போன்றவையும் உண்டு. சிறுவர் சிறுமியருக்கு இக்குடும்ப மருந்துகள் பல சமயம் தரப்படுகின்றன. தனி அமாக்சிசிலினை உடைத்துவிடும் நொதியைப் பல ஈ. கோலை கிருமிகள் உண்டாக்கிக்கொண்டுவிட்டன. சிறுநீரகம் வரை நோய் ஏறியவர்களுக்குச் செப்டிரியாக்சோன் போன்றவற்றை ஊசியாகப் போடுவர்.

4. ஒப்பிட்டுப் பார்த்தபோது

மருந்துகளை ஒப்பிட அறிவியலில் ஒரு நேர்மையான முறை உண்டு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு மருந்தும் மறு குழுவுக்கு வேறு மருந்தும் கொடுத்து, குணமானவர்களை எண்ணிப் பார்ப்பதே அது. கீழ்த்தள நோய் கண்ட வளர்ந்த பெண்களிடம் செய்யப்பட்ட மூன்று சோதனைகளைப் பாருங்கள்.

முதலாவது 2007இல் அமெரிக்காவில் வெளியானது. 338 பெண்களில் ஒரு சாராருக்கு நைட்ரோபியூரான்டாயின் 5 நாட்களும், மறு சாராருக்குக் கோ-டிரைமாக்சசோல் 3 நாட்களும் தரப்பட்டன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது குணமானவர்கள் முறையே நூற்றுக்கு 84 பேரும் 79 பேரும். ஏறத்தாழச் சமம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் கோ-டிரைமாக்சசோல் பெற்றவர்களில், எவருடைய கிருமி அம்மருந்துக்கு மசியாததாக இருந்ததோ, அவர்களில் குணமானவர்கள் நூற்றுக்கு 41 பேரே. மருந்து அதுவேதான், கிருமி மாறியதும் பலன் பாதியாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது 2018இல் வெளியானது. சுவிட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் 513 பெண்கள் இதில் பங்கேற்றனர். 5 நாள் நைட்ரோபியூரான்டாயினால் நூற்றுக்கு 70 பேரும், ஒரே வேளைப் பாஸ்போமைசினால் 58 பேரும் நான்கு வாரத்தில் நோய் நீங்கியிருந்தனர். ஒரு வேளையில் முடிவது வசதிதான். வசதிக்குக் கொடுத்த விலையும் தெரிகிறது.

மூன்றாவது 2012இல் வெளியானது. 300 பெண்களிடம் சிப்ரோபிளாக்சசினும், செபலெக்சின் குடும்பத்துச் செப்போடாக்சிமும் ஒப்பிடப்பட்டன. நூற்றுக்கு 93 பேர், 82 பேர் என்று சிப்ரோபிளாக்சசினே வென்றது.

அப்படியானால் எல்லோருக்கும் சிப்ரோபிளாக்சசின் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் சிந்திக்க வேண்டும். இவ்வகை மருந்துகள் சிலருக்குத் தசைநாண்களையும் நரம்புகளையும் நெடுநாள் பாதிப்பதாகத் தெரிந்ததால், வேறு மருந்து இருக்கும்போது எளிய நீர்க்கடுப்புக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. மேலும், இது குடலில் வாழும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்கிறது. எஞ்சியவை மருந்தை வெல்லக் கற்கின்றன. நம் நாட்டில் கணக்கின்றிப் பயன்படுத்தியதன் விளைவாக, ஈ. கோலை கிருமிகளில் பெரும்பகுதி இப்போது இதற்குக் கட்டுப்படுவதில்லை. அங்கே வென்ற மருந்து இங்கே தோற்கலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது நம் பழமொழியில் வரும் மூடத்தனம். சிறுநீர்ப்பையில் உள்ள சிறு தொல்லைக்குப் பெரும் ஆயுதத்தை எடுப்பதும் அதைப் போன்றதே.

உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் எதிருயிரி மருந்துகளை மூன்றாக வகுத்திருக்கிறது: எல்லோருக்கும் எளிதில் கிடைக்க வேண்டியவை, கண்காணித்துத் தர வேண்டியவை, கடைசி நேரத்துக்கென்று சேமித்து வைக்க வேண்டியவை. பழைய நைட்ரோபியூரான்டாயினும் கோ-டிரைமாக்சசோலும் முதல் வகுப்பில் இருக்கின்றன. சிப்ரோபிளாக்சசினும், வாய்வழிப் பாஸ்போமைசினும் இரண்டாம் வகுப்பில் இருக்கின்றன.

மருந்தே இல்லாமல் இருந்துவிட்டால் என்ன? அதையும் சோதித்தார்கள். 2015இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில் 494 பெண்களில் ஒரு குழுவினருக்கு முதலில் வலி மாத்திரை மட்டும் தரப்பட்டது. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் எதிருயிரி மருந்து இல்லாமலே தேறினர். ஆயினும் அக்குழுவினர் அதிகம் துன்பப்பட்டனர். சிறுநீரகம் வரை நோய் ஏறியவர்களும் அக்குழுவிலேயே அதிகம். ஆகவே மருத்துவர் கண் பார்வையில்லாமல் "தானே ஆறிவிடும்" என்று இருப்பது தகாது.

5. சமையலறை தந்த சோதனை

கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று எப்படி அறிவது? மருந்து தொடங்கும் முன் சுத்தமான பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதை அகர் என்னும் கூழ் பரப்பிய தட்டில் தடவிக் கிருமியை வளர்க்கிறார்கள். பிறகு அக்கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்ந்த சிறு வட்டத் தாள்களை அதன் மேல் வைக்கிறார்கள். கிருமி மசியும் மருந்தைச் சுற்றிக் கிருமியே வளராத தெளிந்த வட்டம் உண்டாகும். மசியாத மருந்தைச் சுற்றிப் பாசிபோலப் படர்ந்திருக்கும். அறிக்கையில் மருந்தின் எதிரே 'எஸ்' என்று இருந்தால் கட்டுப்படும்; 'ஆர்' என்று இருந்தால் கட்டுப்படாது. முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. சிறுமியர், கருவுற்றோர், காய்ச்சல் உள்ளோர், அடிக்கடி நோய் காண்போர் ஆகியோருக்கு அவசியம்.

இந்த அகர் எங்கிருந்து வந்தது தெரியுமா? முன்பு கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்தார்கள். வெப்பத்தில் அது உருகிவிடும். 1881-82இல் ஜெர்மனியில், ராபர்ட் கோக்கிடம் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே இதனால் வருந்தியபோது, அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தாம் பழக்கூழ் உறையச் சேர்க்கும் அகரைப் பயன்படுத்தலாமே என்றார். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. நம் வீடுகளில் 'சைனா கிராஸ்' என்று இனிப்புச் செய்கிறோமே, அதுதான். மன்னார் வளைகுடாக் கரையோரத்தில் நம் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலும் அகருக்குரியவை உண்டு. சமையல் அறிந்த ஒரு பெண்ணின் யோசனை இன்றும் உலகெங்கும் நோயாளிகளுக்கு ஏற்ற மருந்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

6. கிருமி கற்கும் பாடம்

ஈ. கோலை சாதகமான சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். தடையின்றிப் பெருகினால் 10 மணி நேரத்தில் எத்தனையாகும் என்று நோட்டில் போட்டுப் பாருங்கள். 100 கோடியைத் தாண்டிவிடும். இத்தனை கோடியில் எங்கோ ஒன்றிரண்டு, தற்செயலான மாறுதலால் மருந்தைத் தாங்கும் ஆற்றலுடன் பிறந்துவிடும். அரைகுறையாக மருந்து உட்கொண்டால் மெலிந்தவை சாகும். தாங்கியவை பிழைத்துப் பெருகும். அந்த ஆற்றலைப் பக்கத்துக் கிருமிகளுக்குக் கடன் கொடுக்கவும் அவற்றால் முடியும். விடுதியில் அந்த மாணவி விழுங்கிய இரண்டு மாத்திரைகள் நோயைத் தீர்க்கவில்லை. வலியை மட்டும் இரண்டு நாள் மறைத்து, நோய் மேலே ஏறுவதற்கு வழி விட்டன.

இதற்காக நீண்ட நாள் மருந்து சாப்பிடுவதே நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். தேவைக்கு மேல் நீட்டினாலும் குடலின் கிருமிகள் மருந்தைப் பழகிக்கொள்ளும். 3 நாள், 5 நாள் என்று குறுகிய கால அளவுகளை ஆய்வு செய்து வகுத்திருப்பது அதனால்தான். மருத்துவர் சொன்ன நாட்கள் வரை, குறையாமலும் கூட்டாமலும் சாப்பிட வேண்டும்.

புதிய மருந்து வரும் என்று காத்திருக்கவும் முடியாது. 2025இல் அமெரிக்காவில் கெப்போடிடாசின் என்னும் மருந்து, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் எளிய நீர்க்கடுப்புக்கு அனுமதி பெற்றது. இந்நோய்க்கு வாய்வழியே தரும் புதிய வகை மருந்து ஒன்று வருவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. இருப்பதைக் காப்பதே அறிவுடைமை. 2012இல் நம் நாட்டு மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, எதிருயிரி மருந்துகளை முறைப்படுத்த வேண்டுமென்று 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தன. 2014 மார்ச் முதல், முக்கியமான சில எதிருயிரி மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடையைக் கட்டுப்படுத்தலாம். நம் பெட்டியில் மீதியிருக்கும் மாத்திரையை நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

7. நாம் செய்ய வேண்டியவை

மருந்தே தேவைப்படாமல் காத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேலானது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பல்கேரியாவில் அடிக்கடி இந்நோய் கண்டுவந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேர் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை நோய் வந்தது, இவர்களுக்கு 1.7 முறையே வந்தது. எந்தக் கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்து இது.

மாணவியர்க்கு:

1. பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவந்து, மாலைக்குள் குடித்து முடியுங்கள்.
2. சிறுநீரை அடக்காதீர்கள். தேங்கும் நீரில் கிருமி பெருகும். ஓடும் நீர் அதை அடித்துச் செல்லும்.
3. கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகச் செய்யுங்கள்.
4. மாதவிலக்கு நாட்களில் துணியையோ நாப்கினையோ உரிய நேரத்தில் மாற்றுங்கள்.
5. கடுப்பு ஒரு நாள் நீடித்தால் அம்மாவிடமோ, ஆசிரியையிடமோ, விடுதிச் சிஸ்டரிடமோ சொல்லுங்கள். குளிர்காய்ச்சலோ விலா வலியோ வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.
6. ஒருவர் மாத்திரையை மற்றவர் சாப்பிடாதீர்கள். பார்லிக் கஞ்சியும் இளநீரும் துணைக்கு இருக்கலாம், மருந்துக்கு மாற்றாகா.

பெற்றோருக்கு: பெண் குழந்தை அடிக்கடி கழிப்பறை செல்வதைக் கண்டால் அதட்டாமல் காரணம் கேளுங்கள். கடைக்காரரிடம் நோயைச் சொல்லி மாத்திரை வாங்கித் தராதீர்கள். நோய்க்குறி எதுவும் இல்லாமல் சோதனையில் மட்டும் கிருமி தென்பட்டால், கருவுற்றோர் தவிரப் பெரும்பாலோர்க்கு மருந்து வேண்டியதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

உடன் பணியாற்றும் ஆசிரியைகளுக்கும் அருட்சகோதரியர்க்கும்: கை தூக்கும் பிள்ளையை வெளியே அனுப்புங்கள். கழிப்பறையில் தண்ணீரும், கதவில் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லையென்றால் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். எந்த மருந்து நல்ல மருந்து? கிருமி எந்தத் தளத்தில் இருக்கிறது, அது எந்த மருந்துக்கு மசியும், நோயாளி யார் என்ற மூன்றையும் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பதே நல்ல மருந்து. அம்மாவுக்கு ஒன்றும் அடுத்த வீட்டு அக்காவுக்கு வேறொன்றும் கொடுத்ததில் பிழையில்லை. ஆனால் முதல் நாளே வாய் திறந்து சொன்னவளுக்குப் பெரும்பாலும் எளிய, பழைய, விலை குறைந்த மருந்தே போதும். சொல்லாமல் மறைத்தவளுக்குத்தான் ஊசியும் மருத்துவமனைப் படுக்கையும் வேண்டியிருக்கின்றன.

இன்று என் வகுப்பில் ஒருத்தி கை தூக்கினால், காரணம் கேட்காமல் தலையசைத்து அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறேன். அவள் திரும்பி வந்து அமரும்வரை பாடம் ஒன்றும் ஓடிப்போய்விடுவதில்லை.